காணாமப் போன அஞ்சு படி

கூத்தனேரி பேரூராட்சியா இருந்து நகராட்சியா ஆயி ரொம்ப நாள் ஆகல. ஆனா ஊரு நடக்கற நடையே மாறிப் போச்சு. பைபாஸ் வந்துச்சு, பிஸ்கட் கம்பெனி வந்துச்சு, ஏரிக்கரை வரைக்கும் பிளாட் போட்டு வித்துட்டாங்க. சோளம் வெளைஞ்ச எடத்துல இப்ப கண்ணாடி போட்ட கடைங்க. அதுல ஒரு கடைல நாய்க்கு மட்டும்தான் முடி வெட்டறாங்க, கேட்டுக்கங்க. நாய் வளக்காதவங்க கூட வெளிய நின்னு வேடிக்கை பாத்துட்டுப் போறாங்க. அத விடுங்க, சேர்மன் கதைக்கு வருவோம்.

அந்த ஊரு சேர்மன் செங்கமலம். இட்லி மாவு அரைச்சு வித்து ஆளானவ. "தெருத் தெருவா புது ரோடு"ன்னு வீடு வீடா போய்ச் சொல்லி ஜெயிச்சவ. வர்ற வருஷத்துக்கு நகராட்சி என்னென்ன வேலை செய்யப் போகுதுன்னு வெள்ளிக்கெழமை காலைல கூட்டத்துல அவ சொல்லணும். மழைக்கு முன்னாடி ஒரே ஒரு வேலைதான் தொடங்க முடியும். எந்த வேலைன்னு அவ வாயிலருந்துதான் வரணும்.

அந்த யோசனையோட வியாழக்கெழமை சாயங்காலம் அந்தோணி ஆட்டோவுல ஏறி, கீழத் தெரு மடத்துக்கு வந்தா. ஆட்டோ பின்னாடி ஒரு கருப்புக் கல்லு. "அனைத்துத் தெருக்களுக்கும் புதிய சாலை. திறந்து வைத்தவர் நகர்மன்றத் தலைவர் செங்கமலம்"னு பொன் எழுத்துல வெட்டியாச்சு. ரோடு இன்னும் போடலையேன்னு கேக்கறீங்களா? கூத்தனேரில அதுதான் வழக்கம். கல்லு முன்னாடி வந்துரும், வேலை பின்னாடி வரும். முந்தி இருந்த சேர்மன் இப்படித்தான் பார்க்குக்குக் கல்லு நட்டாரு. பார்க்கு வரவே இல்ல. கல்லுல ஆடு கட்டறாங்க. இன்னிக்கும் அந்தத் தெருவுல, "ஆட்ட பார்க்குல கட்டிட்டு வாடி"ன்னுதான் சொல்லுவாங்க.

மடத்து சாமி வேற யாரும் இல்ல, செங்கமலத்தோட ஒண்ணா பள்ளிக்கூடம் படிச்ச சொக்கலிங்கம்தான். இவளப் பாத்துக் கணக்கு எழுதிப் பாஸானவரு. வடக்க எங்கெங்கயோ சுத்திட்டு, தாடியோட திரும்பி வந்து மடத்துல உக்காந்தாரு. புருஷன் போனப்புறம், மனசு ஆறாம ஒரு நாள் இவ அங்க போயி உக்காந்தா. அன்னிலருந்து அவரு சாமி, இவ சிஷ்யை. நாலு பேரு முன்னால "சாமி, நீங்க"ம்பா. கோவம் வந்தா மட்டும் பழைய வாய் வந்துரும்.

வாசல்ல ஒரு பள்ளம். குடிதண்ணிக் குழாய்க்காரங்க தோண்டிட்டு, குழாய் வரலன்னு அப்படியே போட்டுட்டுப் போயிருந்தாங்க. மேல ஒரு பலகை. அத தாண்டி, ரெண்டு படி கீழ எறங்கித்தான் மடத்துக்குள்ள போவணும்.

"தலை, தலை!"ன்னு உள்ளேருந்து சத்தம் வந்துச்சு.

அதுக்குள்ள இடிச்சுட்டா. போன வாரம் இடிச்ச அதே எடம்.

சாமி முருங்கக்கீரை உருவிக்கிட்டு இருந்தாரு.

"சாமி, ஒரு சந்தேகம்."

"ஒண்ணுதானா? சேர்மன் ஆனதுல கொறைஞ்சிருக்கே."

"வெளையாடாதீங்க சாமி. ஒருத்தர் பஸ் ஸ்டாண்டுங்கறாரு, ஒருத்தர் பார்க்குங்கறாரு, ஒருத்தர் ஊரு வாசல்ல பெரிய வளைவு கட்டுங்கறாரு. நான் ரோடுன்னு சொல்லி ஜெயிச்சவ. எத மொதல்ல தொடங்கட்டும்?"

"வெளிய ஆட்டோவுல கல்லு இருக்கே, அதுல என்ன எழுதியிருக்கு?"

"ரோடுன்னு."

"அப்புறம் என்னை எதுக்குக் கேக்கற?"

செங்கமலம் பக்கத்துல உக்காந்தா. ஒரு கீரைக் கொத்த எடுத்து அவளும் உருவ ஆரம்பிச்சா.

"மனசு ஒப்பல சாமி. போன ஐப்பசில இந்தத் தெரு பூரா முட்டியளவு தண்ணி. நீங்களே பெஞ்சு மேல அடுப்ப வச்சுத்தான் கஞ்சி காச்சினீங்க. ரோட்ட ஒசத்திப் போட்டா சரியாயிரும்ங்கறாங்க. போன தடவை போட்டப்பவும் அதையேதான் சொன்னாங்க."

சாமி கீரைத் தண்ட ஒடிச்சு ஓரமா போட்டாரு.

"மடத்துக்கு அஞ்சு படி இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாமயா? மூணாவது படில விழுந்துதான் எம் முன்பல்லு போச்சு. நீங்கதான தள்ளி விட்டீங்க?"

"ஏறி வந்த மடத்துக்கு இப்ப எறங்கி வர்ற. அந்த அஞ்சு படியையும் காணோம். தேடிக் குடு. அப்புறம் பதில் சொல்றேன்."

"டேய் சொக்கா! நாளைக்குக் காலைல கூட்டம்டா. படி தேடற நேரமாடா இது?"

சொன்னப்புறம்தான் நாக்கக் கடிச்சுக்கிட்டா. "மன்னிச்சுக்கங்க சாமி."

"எதுக்கு மன்னிப்பு? பொதுமக்கள்ல ஒருத்தன் சேர்மன்கிட்ட மனு குடுக்கறேன். படியக் காணோம்."

செங்கமலம் முணுமுணுத்துக்கிட்டே வெளிய வந்து, பலகை மேல நின்னு தெருவப் பாத்தா. எத்தன தடவை வந்து போன தெரு! எதிர்வீட்டு சரோஜினி வாசல்ல ஜன்னல் பாதி மண்ணுக்குள்ள இருந்துச்சு. ரோடு ஒவ்வொரு தடவை ஒசந்தப்பவும் சரோஜினி வீட்டுக்குள்ள மண்ணக் கொட்டித் தரைய ஒசத்தினா. தரை ஒசந்துச்சு, நிலைக்கதவு ஒசரல. அவ மகளப் பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை நல்ல ஒசரம். உள்ள வர்றப்ப நிலைல "டம்"முனு ஒரு சத்தம். பொண்ணு காபித் தட்டக் கீழ வச்சுட்டு ஓடி வந்து தலையத் தேய்ச்சு விட்டுச்சு. இதுக்கு மேல வேற பொண்ணு பாக்க வேணாம்னுட்டான் பையன். இப்ப ரெண்டு புள்ளைங்க. பாட்டி வீட்டுக்கு வந்தா ஃபேன்ல கை படாம இருக்கக் கூண்டு போட்டு வச்சிருக்கா சரோஜினி.

அந்த ஜன்னலப் பாத்தவ, அப்படியே குனிஞ்சு கால் கீழ இருந்த பள்ளத்தப் பாத்தா. சேலையத் தூக்கிச் சொருகினா.

"அக்கா, என்ன பண்றீங்க? சேர்மன் பள்ளத்துல எறங்கினா நாளைக்குப் பேப்பர்ல வரும்!"னு அந்தோணி ஓடி வந்தான்.

"வரட்டும். கையக் குடு."

எறங்கினா, தோளளவுக்கு வந்துச்சு பள்ளம். தோண்டின பக்கம் அப்படியே செதுக்கின மாதிரி நின்னுச்சு. மேல சிமெண்டு. அதுக்குக் கீழ தாரு. அதுக்குக் கீழ ஜல்லி, மறுபடியும் தாரு, மறுபடியும் ஜல்லி. அடுக்கி வச்ச தோசை மாதிரி.

ஒவ்வொண்ணும் யாரு போட்டதுன்னு அவளுக்குத் தெரியும். சிமெண்டு, பார்க்குக் கல்லு நட்டவரு போட்டது. நடுவுல இருக்கற கருப்புத் தாரு, இவ கல்யாணத்தப்ப போட்டது. ஊர்வலம் வர்றப்ப சூடு ஆறல, புதுச் செருப்பு ஒண்ணு தாருலயே ஒட்டிக்கிச்சு. ஒத்தச் செருப்போட மண்டபத்துக்குப் போனவ இவ. அந்த இன்னொரு செருப்பு இதுக்குள்ளதான எங்கயோ இருக்கணும்னு ஒரு நிமிஷம் விரலால நோண்டிக் கூடப் பாத்தா.

அத்தன ரோடும் அங்கயேதான் இருந்துச்சு. ஒண்ணு கூட எங்கயும் போகல. ஒண்ணு தலைல ஒண்ணு உக்காந்திருந்துச்சு.

அந்தப் பக்கம் திரும்பி, மடத்துச் சுவரோரம் மண்ணக் கையால தள்ளினா. மொதப் படி தெரிஞ்சுது. கீழ ரெண்டாவது. மூணாவது படியோட முனை உடைஞ்சிருந்துச்சு. கட்டின பல்ல நாக்கால ஒரு தடவை தொட்டுப் பாத்துக்கிட்டா. நாலு. அஞ்சு.

அஞ்சாவது படிய ஒட்டி, பட்டைக் கல்லுங்க வரிசையா பதிச்சிருந்துச்சு. ஒரு கல்லு மட்டும் குழாய்க்காரங்க கடப்பாரை பட்டு நொறுங்கிக் கெடந்துச்சு. அந்த ஓட்டைல கைய விட்டா உள்ள காலியா இருந்துச்சு. ஜில்லுனு காத்து வந்துச்சு.

"சாமி! அஞ்சும் இருக்கு! அடியில கல்லு வாய்க்கால் ஒண்ணு போகுது!"

சாமி கீரை அலசின தண்ணிய கொடத்தோட தூக்கிக்கிட்டு வந்தாரு.

"இந்தா, இத ஊத்து."

ஊத்தினா. தண்ணி கொஞ்ச நேரம் அங்கயே நின்னு யோசிச்சுது. அப்புறம் மெதுவா கெழக்கால திரும்பி, கல்லுக்கு அடியில போயிருச்சு. சாமி இன்னொரு கொடம் குடுத்தாரு. அதுவும் போச்சு.

தெருவுல கெழக்க இருந்த கரண்டுக் கம்பத்துக்கிட்டயும் குழாய்க்காரங்க ஒரு குழி தோண்டியிருந்தாங்க. அந்தோணி அங்க ஓடி, குப்புறப் படுத்து எட்டிப் பாத்தான்.

"அக்கா! இங்க வருதுக்கா! முருங்கக்கீரையோட வருது!"

செங்கமலத்துக்குச் சிரிப்பு வந்துருச்சு. பள்ளத்துல நின்னு, கை காலெல்லாம் மண்ணோட சிரிச்சா.

"கெழக்கால என்ன இருக்கு?"ன்னாரு சாமி.

"ஏரி."

"ம்."

"இப்பச் சொல்லுங்க சாமி. எத மொதல்ல தொடங்கட்டும்?"

"ரோடு."

"ரோடா? இதையெல்லாம் பாத்ததுக்கு அப்புறமுமா?"

"ரோடுன்னுதான ஓட்டு கேட்ட? போடு."

"எப்படிப் போட?"

"படி அஞ்சும் தெரியற மாதிரி போடு."

அவ கண்ணு மட்டத்துல சாமியோட காலு இருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு நின்னா. போட்டதெல்லாம் சுரண்டி எடுக்கணும். வாய்க்கால ஏரி வரைக்கும் தொறக்கணும். அப்புறம்தான் ரோடு.

"அப்படின்னா எல்லாத் தெருவும் ஆகாதே சாமி. வர்ற வருஷம் பூரா இந்த ஒரு தெருதான் ஆகும். மேலத் தெருக்காரங்க சும்மா விடுவாங்களா?"

"மேலத் தெருத் தண்ணி எங்க போகுது?"

"இங்கதான் வருது."

"சந்தைத் தெருத் தண்ணி?"

"அதுவும்..." பாதியில நிறுத்திக்கிட்டா.

சாமி திண்டுல உக்காந்து மிச்சக் கீரைய உருவ ஆரம்பிச்சாரு.

"ஒசந்த ரோட்ட எறக்கறா பாருன்னு ஊரே கை கொட்டிச் சிரிக்கும் சாமி."

"சிரிக்கட்டும். சிரிச்சுக்கிட்டே படியேறி வீட்டுக்குள்ள போவாங்க."

செங்கமலம் அண்ணாந்து சரோஜினி வீட்டு ஜன்னலப் பாத்தா. மண்ணுக்குள்ள இருக்கற பாதியும் வெளிய வந்தா எப்படி இருக்கும்னு மனசுக்குள்ள வரைஞ்சு பாத்தா. நல்லாத்தான் இருந்துச்சு.

அப்புறம் கீழ நொறுங்கிக் கெடந்த கல்லப் பாத்தா. நாளைக்குக் குழாய்க்காரங்க திரும்பி வந்து, தெரியாம மண்ணத் தள்ளி மூடினா அவ்வளவுதான். ஓட்டை வழியா மண்ணு எறங்கி வாய்க்கால் அடைஞ்சு போயிரும்.

"அந்தோணி, ஆட்டோவுல இருக்கற கல்ல எடுத்துட்டு வா."

"எந்தக் கல்லுக்கா? உங்க பேரு போட்ட கல்லா?"

"வேற கல்லு வச்சிருக்கியா? எடுத்துட்டு வாடா."

ரெண்டு பேரும் மூச்சு வாங்கக் கல்லப் பள்ளத்துல எறக்கினாங்க. அளவு எடுத்து வெட்டின மாதிரி இருந்துச்சு. வைக்கறதுக்கு முன்னாடி அந்தோணி கல்லச் செங்குத்தா நிறுத்திப் புடிச்சுக்கிட்டான். பொன் எழுத்து சாயங்கால வெயில்ல பளபளன்னு மின்னுச்சு.

"அக்கா, பேரு எந்தப் பக்கம்? மேல பாத்தா, கீழ பாத்தா?"

செங்கமலம் அந்த எழுத்த ஒரு தடவை படிச்சா. சாமியப் பாத்தா.

சாமி கீரைலருந்து கண்ண எடுக்கல.

"மேல வச்சா ஜனம் மிதிச்சுக்கிட்டுப் போகும். கீழ வச்சா தண்ணி படிச்சுக்கிட்டுப் போகும்."