இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்றாவது ஆள்

முன்னே, ரொம்ப முன்னே, சிரிக்க மறந்துபோன ஒரு ராஜா இருந்தார். அவருடைய ஒரே மகன் காய்ச்சலில் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

திதி நாளில் படை அணிவகுத்து நிற்க வேண்டும். "என் மகனுக்காக நிற்கும் அணியில் எவனும் தனியாக நிற்கக் கூடாது" என்று ராஜா உத்தரவிட்டார். அவர் படும் தனிமை போதாதா?

படையில் இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபத்தொரு பேர். மைதானத்தில் ஒரு வரிசைக்குப் பத்துப் பேருக்கு மேல் இடமில்லை. இரண்டிரண்டாக நிறுத்தினார்கள், ஒருவன் மிஞ்சினான். மும்மூன்றாக நிறுத்தினார்கள், ஒருவன். பத்துப் பத்து வரை பார்த்தாயிற்று, அப்போதும் ஒருவன். உயரப்படி நிறுத்துவது வழக்கமாதலால், ஒவ்வொரு முறையும் மிஞ்சியவன் எல்லோரையும்விடக் குள்ளமான சடையன்தான். ஈட்டியைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றான்.

அரசவை விகடன் மாதப்பன்மேல் பொறாமை கொண்ட அமைச்சர் திருவேங்கடருக்கு இது நல்ல சமயம்.

"அரசே, இவன் அபசகுனம். இவனை நாடு கடத்தினால் மிச்சமுள்ளவர்களை இரண்டு முதல் பத்து வரை எப்படி நிறுத்தினாலும் மீதி வராது. வேறு வழி உண்டென்றால் தங்கள் விகடன் சொல்லட்டும். முடியாவிட்டால் அவனும் கூடப் போகட்டும்."

ராஜா தலையசைத்தார்.

"என்னால நீங்க ஏண்ணே போகணும்?" சடையன் மாதப்பனைப் பார்த்துக் கேட்டான். "நான் போயிடுறேன். என் புள்ளைங்கள மட்டும் பாத்துக்குங்க."

"அட, இருடா. போன வருஷம் வரைக்கும் அணிவகுப்புல எங்கே நின்னே?"

"இங்கதாண்ணே. கடைசில."

"தனியாவா?"

"இல்ல. சின்னராஜா குதிரைய விட்டு எறங்கி, எம்பக்கத்துல வந்து நிப்பாரு."



மாதப்பன் ராஜாவைப் பார்த்தான். "அரசே, எண்ணிக்கை மாறவில்லை. இவன் என்றைக்கும் மிஞ்சியவன்தான். அதைக் கவனித்த ஒருவர் இன்று இல்லை. யாரையும் நீக்க வேண்டாம்; ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்."

"முட்டாளே!" என்றார் அமைச்சர். "ஒருவரைச் சேர்த்து மும்மூன்றாக நிறுத்து, இருவர் மிஞ்சுவார்கள். பத்துப் பத்தாக நிறுத்தினாலும் இருவர்!"

"மிஞ்சட்டும், அமைச்சரே. மிஞ்சக் கூடாதென்று உத்தரவில்லை. தனியாக நிற்கக் கூடாதென்றுதான் உத்தரவு. இருவர் நின்றால் எவர் தனி?"

"அபசகுனத்தின் பக்கத்தில் யார் வந்து நிற்பார்?"

"இந்த மைதானத்தில் தனியாக இருப்பவர் இன்னொருவரும் உண்டு" என்றான் மாதப்பன் மெதுவாக.

ராஜா குடையை விலக்கச் சொல்லிவிட்டு, வெயிலில் நடந்துபோய்ச் சடையன் பக்கத்தில் நின்றார்.

"இங்கே நிற்கும்போது என் மகன் என்ன சொல்வான்?"

"'என்னடா சடையா, இன்னிக்கும் நாம ரெண்டு பேர்தான் மிச்சமா'ம்பாரு, சாமி."

ராஜா சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் அழுகையானது, மறுபடி சிரிப்பானது. கழுத்து முத்துமாலையைக் கழற்றி மாதப்பனுக்குப் போட்டார்.

"வேறென்ன வேண்டும், கேள்."

"படையில் இனி ஆளைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், அரசே."

அந்த ராஜா இருந்தவரை அந்த எண்ணிக்கை மாறவில்லை. ஒவ்வொரு திதி நாளிலும், கடைசியில், அவர் நிற்க ஓர் இடம் இருந்தது.