லாபம், இரண்டு, மூன்று

வாகையூர் என்று ஒரு சீமை. வெகு காலத்துக்கு முன்னால் அதைப் பரிதிக்கோன் என்ற ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கடைத்தெருவில் ஏழைகளை ஏமாற்றுகிறார்கள் என்று காதில் விழுந்ததும் மாறுவேடத்தில் கிளம்பிவிட்டார். கந்தல் கட்டினார், கரி பூசினார், மீசையை எடுக்க மட்டும் மனம் வரவில்லை. அந்த மீசையைக் கண்ட கடைக்காரர்கள் கோபுரமாகக் குவித்து அளந்தார்கள். "நம் ஊரில் எவ்வளவு நேர்மை!" என்று பூரித்து வந்தவரிடம் ராணி சொன்னாள்: "அவங்க அளந்தது உங்க மீசைக்கு."

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நெல் குத்திப் பிழைக்கும் சிட்டம்மாளை ரகசியமாக வரவழைத்தார். "எல்லாரையும் போலக் கடைக்குப் போ. வாங்கு. நடந்ததை என்னிடம் மட்டும் சொல். வாங்கின சாமான் உனக்கே."

பனையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனை வைத்துக்கொண்டு, நெல் குத்தும் கூலியில் அரை வயிறு கஞ்சி குடித்தவள் அவள். கசக்குமா இந்த வேலை?

ஆறு மாதம் ஒழுங்காகப் போயிற்று. ஒருநாள் சொன்னாள்: "மகாராஜா, கோட்டைவாசல் அரிசிக்கடை மாசிலாமணிகிட்ட நாலு படி வாங்கினா வீட்டுல மூணுதான் இருக்கு. எப்படின்னு எனக்கே புரியல."

அந்த மாசிலாமணி, அங்காடி அதிகாரி பூதலராயரின் மைத்துனன். விசாரிக்கும்படி ராஜா சொன்னபோதுதான் ராயருக்கு இந்த ரகசியம் தெரிந்தது. வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. கடைத்தெருச் சேதியை ராஜா தம்மைக் கேட்காமல் ஒரு நெல் குத்துகிறவளைக் கேட்பதாவது! மறுநாளே சபையைக் கூட்ட வைத்தார். சிட்டம்மாளை நிறுத்தினார்கள். மாசிலாமணி தன் படியோடு வந்தான். அதில் அரண்மனை முத்திரை இருந்தது. அரண்மனைப் படியோடு அளந்து பார்த்தார்கள். ஒரு மணி கூடக் குறையவில்லை.

"பிரபு, பொய் சொல்லிச் சாமான் சேர்க்கிறாள். இவளை நம்பித் தங்கள் குடிகளைச் சந்தேகப்படலாமா?" என்றார் ராயர், வெகு பணிவாக.

ராஜாவின் மீசை துடித்தது. "கரும்புள்ளி செம்புள்ளி குத்துங்கள்! கழுதைமேல் ஏற்றி, பொழுது சாய்வதற்குள் புருஷனோடு எல்லைக்கு வெளியே விடுங்கள்!"

சிட்டம்மாளுக்குப் புருஷன் நினைவுதான் வந்தது. எழுந்து உட்காரவே முடியாத மனுஷனை எந்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போவாள்? வழியிலேயே உயிர் போய்விடுமே! வாசலில் கழுதை வந்து நின்றுவிட்டது. ஒருவன் சுண்ணாம்பைக் குழைக்க ஆரம்பித்தான்.

படி சரி. அரிசி குறைவு. அப்படியானால் தப்பு எங்கே?

கடையில் நடந்ததை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டினாள். நம் பக்கத்தில் அளக்கும்போது 'ஒன்று' என்று தொடங்குவதில்லை. முதல் படிக்கு 'லாபம்' என்பார்கள், அப்புறம் இரண்டு, மூன்று. மாசிலாமணியும் அப்படித்தான் சொல்வான். 'லாபம்' என்று சொல்லும்போதே, "வீட்டுக்காரர் எப்படியிருக்கார்மா?" என்று கேட்பான். கேட்டதும் இவள் நெகிழ்ந்து அவன் முகத்தைப் பார்ப்பாள். அரிசி விழும் சத்தம்? அந்த நேரத்தில் கேட்டதே இல்லை!

பாவி, என் புருஷனை வைத்தல்லவா ஏமாற்றியிருக்கிறாய் என்று வயிறு எரிந்தது. கத்த வாயெடுத்தாள். அடக்கிக்கொண்டாள். இப்போது சொன்னால் உஷாராகிவிடுவான். முத்திரைப் படிக்கு முன்னால் அவள் பேச்சு எடுபடுமா?

தரையில் விழுந்து கும்பிட்டாள். "தப்புதான் மகாராஜா. ஒரே ஒரு பிச்சை. வழிச் சாப்பாட்டுக்கு அஞ்சு படி அரிசி கொடுங்க. நான் பழி சொன்ன இவர் கையாலேயே அளக்கட்டும், என் பாவம் தீரும். மூட்டையில மிச்சம் இருக்கறதை, மனம் நொந்ததுக்கு இவரே எடுத்துக்கட்டும்."

ராஜாவுக்கு மனம் இளகியது. "ஆகட்டும்" என்றார். அரண்மனைச் சீரகச் சம்பா மூட்டை வந்தது. மணம் சபையைத் தூக்கியது.

மாசிலாமணி படியை எடுத்தான். சிட்டம்மாள் முந்தானையை விரித்துப் பிடித்தாள். ராஜா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ராயர் கழுதையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மூட்டையில் மிஞ்சுவதெல்லாம் மாசிலாமணிக்குத்தானே!

"லாபம்..." என்றான் மாசிலாமணி. படியால் மூட்டையை ஒரு தட்டுத் தட்டினான். "வீட்டுக்காரரைப் பத்திரமா கூட்டிட்டுப் போம்மா." முந்தானையில் ஒன்றும் விழவில்லை. சிட்டம்மாள் முந்தானையை அசைக்காமல் பிடித்திருந்தாள். "ரெண்டு... மூணு... நாலு... அஞ்சு!"

முந்தானையை இறுக்கி முடிந்துகொண்டு நிமிர்ந்தாள். "மகாராஜா, எத்தனை படி எண்ணினாரு?"

"ஐந்து. சபையே கேட்டதே!"

"திருப்பி அளக்கச் சொல்லுங்க."

அரண்மனைக் களஞ்சியக்காரர் அளந்தார். நான்கு படியோடு முந்தானை காலி.

"படியில குத்தமில்ல மகாராஜா. 'லாபம்'கிறது இவருக்கு மட்டும்தான் லாபம்."

மாசிலாமணி ராயரைப் பார்த்தான். ராயர் தரையைப் பார்த்தார். ராஜா மடித்த வெற்றிலையை அப்படியே கீழே போட்டார். "என் எதிரிலேயே, என் அரிசியிலேயே, ஊரைவிட்டுத் துரத்தப்படுகிறவளிடமா!" குழைத்த சுண்ணாம்பு வீணாகவில்லை. கழுதைமேல் மாசிலாமணி முன்னால் உட்கார, அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு பூதலராயர் பின்னால் உட்கார்ந்தார்.

"அம்மா, வெட்கப்படுகிறேன். உன் வேலையைத் தொடர்ந்து செய்" என்றார் ராஜா.

"எப்படி முடியும்? இப்ப என் முகம் ஊருக்கே தெரிஞ்சுபோச்சே. உங்க மீசை மாதிரி ஆயிட்டேன்."

சபை திடுக்கிட்டது. ராஜா வாய்விட்டுச் சிரித்தார். அப்போதே அவளை அங்காடி அதிகாரியாக்கி, புருஷனுக்கு அரண்மனை வைத்தியரையும் அனுப்பினார். "உன் பழைய வேலைக்கு நீயே ஆள் வைத்துக்கொள்" என்றார்.

அதன்பிறகு எந்தக் கிழிசல் சேலைக்காரி அரசாங்கத்து ஆள் என்று தெரியாமல் கடைத்தெரு தவித்தது. எல்லாக் கிழிசல் சேலைக்கும், "வாங்கம்மா" என்று மரியாதை. எல்லா முந்தானையிலும் முதல் படி சத்தமாக விழுந்தது. ராஜாவுக்கு ஆவல் தாங்கவில்லை. "யாரைத்தான் வைத்திருக்கிறாய்?" என்று நச்சரித்தார்.

சிட்டம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னும் ஒருத்தரையும் வைக்கல மகாராஜா. வெளியில சொல்லிடாதீங்க."