ஒரு காளானும் இரண்டு நாக்கும்

“சார், இது உங்க காளான் இல்லை. வேற. எத்தனை மழைக்குத்தான் நான் இதையே சொல்லிக்கிட்டிருக்கிறது?”

தவமணி கேட்டேவிட்டார்.

ஆசிரியர் ஸ்தனிஸ்லாஸ் பைன் மரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தார். தன் சீடர் தவமணியைவிட இரண்டு வயது இளையவர். ஆனால் காளான் என்று வந்துவிட்டால் கொடைக்கானல் மலையில் அவர் வைத்ததுதான் சட்டம். குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இல்லாமல், பஞ்சு மாதிரி துளை துளையாக இருக்கும் ஒரு பொடிக் காளானை இந்தக் காட்டில் கண்டெடுத்து, உலகத்துக்கே புதிது என்று பேர் வைத்தவர்.

தவமணி அடிவாரத்துக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். மழை பிடித்துக்கொண்டால் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிடுவார். அவர் உள்ளங்கையில் அதே மாதிரி ஒரு பொடிக் காளான் இருந்தது.

“சொல்லுங்க. குடை?” என்றார் ஆசிரியர்.

“பழுப்பு. எலுமிச்சம்பழத்தைப் பாதியா நறுக்கிக் கவுத்த அளவு.”

“அடியில?”

“துளை. துருப்பிடிச்ச நிறம்.”

“காம்பு?”

“மெலிசு. அடியில கிள்ளினா மஞ்சள்.”

“என்னோடதும் அப்படித்தான்.”

“ருசி சார்! உங்களோடது சப்புன்னு இருக்கும்னு எழுதியிருக்கீங்க. இது மிளகு. நாக்கு எரியுது.”

இந்த வேலையில் இருப்பவர்கள் காளானில் ஒரு துணுக்கை மென்று பார்த்துத் துப்பிவிடுவார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல் இருப்பவற்றை நாக்கு பிரித்துச் சொல்லிவிடும். தவமணிக்கு இருந்த ஒரே பிடிமானம் அந்த நாக்குதான்.

“நானும்தான் மென்னு பாத்தேன். போன மழைக்கும் பாத்தேன். அதுக்கு முந்தியும் பாத்தேன்,” என்றார் ஆசிரியர். “சப்புன்னுதான் இருக்கு.”

போன மழையில் இதைக் கேட்டுவிட்டுக் கீழே இறங்கிய தவமணி, வீட்டுக்குப் போய் மிளகை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார். தன் நாக்கின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மனுஷனை அந்த நிலைக்குக் கொண்டுபோய் விட்டிருந்தார் ஆசிரியர்.

தவமணிக்குப் பட்டம் பதவி எதுவும் வேண்டாம். காளானுக்கு மனைவி சொர்ணத்தின் பேரை வைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அவள் அதைத் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். இப்போதெல்லாம் தவமணி மளிகைக் கடைக்குப் போனாலும், “உங்க வீட்டுக் காளான் எப்ப வருது?” என்று கேட்கிறார்கள்.

“இன்னைக்குச் சேர்ந்தே மெல்லுவோம் சார்,” என்றார் தவமணி. “ஒரே காளான்ல.”

ஆசிரியர் சாக்கின் நுனியை இழுத்துச் சரிசெய்தார்.

தவமணி குடையை இரண்டாகப் பிய்த்தார். ஒரு பாதி ஆசிரியருக்கு, ஒரு பாதி தனக்கு.

மென்றார்கள்.

தவமணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தூவென்று துப்பினார். ஆசிரியர் வெற்றிலை போடுகிறவர் மாதிரி மென்றுகொண்டே இருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

தவமணி அந்த முகத்தையே பார்த்தார்.

“சார், உங்களுக்கு ருசியே தெரியலை.”

“ஆமா.”

“எப்போலேருந்து?”

“ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுக்கப்புறம் சாப்பாடு எல்லாம் மண்ணு மாதிரி இருந்துச்சு. சமையல்காரம்மா மேல பழியைப் போட்டு நிறுத்தினேன். வேற ஆளை வெச்சேன், அவங்களையும் நிறுத்தினேன். காளானைப் பத்தி எழுதி அச்சாகி வந்த பிறகுதான் கோளாறு என் நாக்குலன்னு புரிஞ்சது.”

“அப்போ சப்புன்னு எழுதினது?”

“தப்பு.”

தவமணிக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. ஜெயித்துவிட்டார்! “அப்போ நான் சொன்னதுதானே சரி!” என்று கத்தினார்.

“நீங்க சொன்னது சரிதான்,” என்றார் ஆசிரியர். “அது காரம்தான். என்னோடதும் காரமாத்தான் இருந்திருக்கும், என் நாக்குக்குத்தான் தெரியலை. இப்போ சொல்லுங்க. உங்களோடதுக்கும் என்னோடதுக்கும் என்ன வித்தியாசம்?”

தவமணி வாயைத் திறந்தார். குடையை நினைத்தார், துளையை நினைத்தார், மஞ்சள் காம்பை நினைத்தார். எல்லாமே ஒன்றுதான்.

இத்தனை மழையும் அவர் கையில் இருந்தது ஸ்தனிஸ்லாஸ் பேர் வைத்த காளான்தான். ஆசிரியரின் ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவருடைய புதுக் காளான் இத்தனை நாள் உயிரோடு இருந்திருக்கிறது. அந்தப் பொய்யை இப்போது அவரே கையால் பிய்த்துப் போட்டுவிட்டார்.

“தெரிஞ்சுதானே சார் இருந்தீங்க. முதல் மழையிலயே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா, மூக்குக்குக் கீழ இருக்கிற நாக்கைக்கூடக் கவனிக்காதவன்னு ஊர் சிரிச்சிருக்கும். வெக்கமா இருந்துச்சு. அதான் சொல்லலை.”

“நான் சொர்ணத்துக்கு என்ன சார் சொல்லுவேன்?”

ஆசிரியர் குனிந்து, சருகை விலக்கி, இன்னொரு காளானைப் பறித்தார். குடையில் ஒரு துண்டைக் கிள்ளி நீட்டினார்.

“நான் எழுதினதைத் திருத்தணும். என் நாக்கால ஆகாது. உங்களுக்கும் இனிமே இதுல லாபம் நஷ்டம் ஒண்ணும் இல்லை, உள்ளதைச் சொல்லுவீங்க. மென்னு பாத்துச் சொல்லுங்க.”

தவமணிக்கு அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. ஆசிரியர் மேல் அவ்வளவு வெறுப்பு அவருக்கு என்றைக்கும் வந்ததில்லை. வாங்கினார். வெடுக்கென்று வாயில் போட்டு மென்றார்.

பாதியில் தாடை நின்றது. மறுபடி மெதுவாக மென்றார்.

“என்ன?” என்றார் ஆசிரியர்.

“முதல்ல இனிக்குது சார்,” என்றார் தவமணி. “காரம் அதுக்குப் பின்னாலதான் வருது. இத்தனை மழையும் காரத்தை மட்டும் தேடினதுல, இதை நான் குறிச்சு வைக்கவே இல்லையே.”