திருவுக்கும் டன்ஸ்டனுக்கும் நடுவே

அந்தப் பாலிடெக்னிக்கின் கம்ப்யூட்டர் லேபில் டன்ஸ்டன் சார் சொன்னதுதான் சட்டம். இரண்டு சொல்லைச் சேர்த்து அச்சிடும் புரோகிராமில், நடுவே இடைவெளி வருவதற்கென்று மாணவி பியூலா தனியாக ஒரு குறி எழுதுவாள். "கண்ணுக்குத் தெரியாததை எதுக்கு எழுதுறே? கம்ப்யூட்டரே இடம் விட்டுக்கும்," என்று சார் அதை அடித்துவிடுவார். "விடாது சார்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டது, மார்க்கும் போனது.

செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஓர் அம்மா தேர்வாளராக வந்தார். "ஒரு பெயருக்கு முன்னால் 'திரு' சேர்த்து அச்சிடு," என்றார் பியூலாவிடம்.

டன்ஸ்டன் சார் பின்னால் வந்து நின்றார். "நான் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் எழுதணும். இடைவெளி போட்டே, ஃபெயில்!"

"அப்படியே எழுதுறேன் சார். உங்க பேரையே போடுறேன்."

சார் மீசையைத் தடவிக்கொண்டார். பியூலா 'திரு'வையும் 'டன்ஸ்டன்'ஐயும் ஒரு கூட்டல் குறியால் சேர்த்து, பொத்தானை அழுத்தினாள்.

திரையில் வந்தது: திருடன்ஸ்டன்.

"திருடன்... ஸ்டனா?" என்று தேர்வாளர் உரக்கப் படித்தார். லேப் முழுக்கச் சிரிப்பு.

"இடைவெளி எங்கே?" என்று கத்தினார் சார்.

"கம்ப்யூட்டரே விட்டுக்கும்னீங்களே சார். விடுற வரைக்கும் காத்திருப்போமா?"

தேர்வாளர் சிரிப்பை அடக்க முடியாமல் முழு மார்க் போட்டார். டன்ஸ்டன் சாரோ திரையைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு பியூலாவிடம் கெஞ்சினார்:

"தாயே, அந்த இடைவெளியை நீயே போட்டுத் தொலை!"