மூன்றாம் கட்டிலுக்கு எதிரே

பர்வீனுக்கு முப்பது வயது இருக்கும். திண்டுக்கல்லில் மீன் தொட்டிக் கடை வைத்திருக்கிறாள். அவளிடம் தொழில் பழகும் தேவசகாயத்துக்கு ஐம்பத்தைந்து. நூல் மில்லை மூடியதும் இந்தப் பக்கம் வந்தவர். அவளைக் ‘குருவே’ என்பார். கிண்டலாக ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது. அவள் அவரை ‘அண்ணே’ என்பாள்.

நான் இவர்களைப் பார்த்தது டயாலிசிஸ் வார்டில். நான் நாலாம் கட்டில். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், கையில் ஊசிகளோடு கிடக்க வேண்டும். எனக்கு வாய்த்த மெஷின் ஒரு சனியன், சும்மா சும்மா கத்தும். “அடுத்து எந்தக் கட்டில் காலியானாலும் உங்களை மாத்திடறேன் சார்” என்று எஸ்தர் சிஸ்டர் சொல்லியிருந்தார். எங்கள் வார்டில் கட்டில் எப்படிக் காலியாகும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் வாய் விட்டுக் கேட்டிருந்தேன்.

மூன்றாம் கட்டிலில் பூங்கோதை. நல்ல வாயாடி. ஊசி குத்தும்போதுகூட நாத்தனாரைத் திட்டிக்கொண்டிருப்பாள். கொஞ்ச காலமாகப் பேச்சு நின்றுபோயிருந்தது. முகம் வீங்கி, கறுத்து, ஆளே மாறிவிட்டாள்.

அவள் கட்டிலுக்கு நேர் எதிரே, சுவரை ஒட்டி மீன் தொட்டி. யாரோ ஒரு புண்ணியவான் வாங்கிக் கொடுத்தது. எனக்கு அது கோணலாகத்தான் தெரியும். விளக்கு நாளுக்கு நாள் மங்கி, மீன்கள் நிழலாக நகர்ந்துகொண்டிருந்தன.

ஒருநாள் பூங்கோதை சொன்னாள், “அந்தத் தொட்டிய எடுத்துருங்க சிஸ்டர். இல்லன்னா நான் வரல.”

“மீனைப் பார்த்தா பயமா?”

“எடுத்துருங்கன்னா எடுத்துருங்களேன்.”

கட்டிலைத் திருப்ப முடியாது, மெஷினுக்குப் போகும் தண்ணீர்க் குழாய் சுவரோடு இருக்கிறது. தொட்டியை எடுக்க மற்றவர்கள் விடவில்லை. அந்த அறையில் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? ஆபீசில் கேட்டதற்கு, புது விளக்குக்கெல்லாம் பணம் கிடையாது, இருப்பதைச் சரி செய்ய முடிந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் தூக்கிப் போடுங்கள் என்று பதில் வந்தது.

பூங்கோதை சொன்னபடியே வரவில்லை. அடுத்த தடவையும் வரவில்லை. ஒரு தடவை விட்டாலே நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும்.

அன்றைக்குத்தான் சிஸ்டர் பர்வீனை வரவழைத்தார். தேவசகாயமும் கூட வந்தார்.

பர்வீன் தொட்டிப் பக்கமே போகவில்லை. “அந்தக்கா எந்தக் கட்டில்?” என்றாள். காட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறிப் படுத்தாள். கொஞ்ச நேரம் எதிரே பார்த்தாள். எழுந்து வந்து தொட்டியின் மூடியைக் கழற்றினாள்.

விளக்கு நன்றாகத்தான் இருந்தது. மூடிக்கு உள்ளே அடித்திருந்த வெள்ளை பெயின்ட்தான் உப்புப் பூத்து உரிந்து, அடியில் துரு ஏறியிருந்தது. வெளிச்சத்தில் பாதியை அதுவே தின்றுவிட்டது.

தேவசகாயம் சப்பாத்தி சுற்றும் சில்வர் தாளை எடுத்து ஒட்டினார். அது சுருக்கம் சுருக்கமாக உட்கார்ந்தது. விளக்கைப் போட்டால் தண்ணீரில் அங்கங்கே திட்டுத் திட்டாக வெளிச்சம்.

“பிச்சிடுங்கண்ணே” என்றாள் பர்வீன்.

பையிலிருந்து ஒரு அலுமினியத் தகட்டை எடுத்தாள். அச்சகத்தில் அச்சடித்து முடித்ததும் பழைய இரும்புக் கடைக்குப் போடும் தகடு. தேவசகாயம் வாங்கிப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

“ஐயோ குருவே, இது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்ச தகடு. செத்தவர் போட்டோவே இருக்கு.”

“அது மேல் பக்கம். பளபளப்பு அடிப் பக்கம்.”

“இருந்தாலும் இந்த இடத்துல...”

“இந்த இடத்துல இருக்கறவங்க படத்தைப் பார்க்கப் போறதில்லை. வெட்டுங்க.”

அவர் துருவைச் சுரண்டினார். அவள் தகட்டை வளைத்து, எழுத்துப் பக்கத்தில் பசை தடவி மூடிக்குள் வைத்தாள். வேலை ஓடினாலும் அவருக்கு மனசு ஆறவில்லை.

“ஒண்ணு கேக்கறேன். மீனுக்கு இவ்வளவு வெளிச்சம் வேண்டியதில்லைன்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. தொட்டி இருந்தா வரமாட்டேன்னு அந்தம்மா சொல்லுது. இன்னும் வெளிச்சமாக்கினா இன்னும் நல்லாத் தெரியுமே. எதுக்கு இந்தப் பாடு?”

பர்வீன் விளக்கை அணைத்தாள்.

“மூணாம் கட்டில்ல போய்ப் படுங்கண்ணே.”

தயங்கினார். படுத்தார்.

“மீன் தெரியுதா?”

“இல்ல.”

“வேற என்ன தெரியுது?”

அவர் உற்றுப் பார்த்தார். “கண்ணாடியில நான்தான் தெரியறேன்.”

“நாலு மணி நேரம் பாருங்க.”

அவர் எழுந்துவிட்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவ்வளவு நாளும் அவளுக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறேன், கோணலாகவே பார்த்துக்கொண்டு.

பர்வீன் சுவிட்சைப் போட்டாள். அடேயப்பா! தொட்டிக்குள் விடிந்த மாதிரி இருந்தது. கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. அடியில் கிடந்த ஒரு ஆரஞ்சு மீன் வாலை ஆட்டிக்கொண்டு மேலே வந்தது.

எஸ்தர் சிஸ்டர் கை தட்டாத குறை. “இப்பவே கூப்பிடறேன், அவங்க வீட்டுக்காரர் ஆட்டோல கொண்டுவந்து விட்டுடுவார்” என்று போனை எடுத்தார். மணி அடித்தது.

“ஹலோ, ஆஸ்பத்திரியிலேர்ந்து எஸ்தர். பூங்கோதைய உடனே கூட்டிட்டு வாங்க. தொட்டிய...”

அந்தப் பக்கம் பேச்சு குறுக்கிட்டது. கேட்டுக்கொண்டே நின்றார். போனை வைத்துவிட்டு, “காலையிலயாம்” என்றார். “மூச்சு விட முடியாம.”

என் மெஷின் கத்தியது. யாரும் வரவில்லை. அதுவாகக் கத்தி ஓய்ந்தது.

தேவசகாயம் மூன்றாம் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தொட்டியிடம் போனார். மூடியைத் திறந்து, தகட்டின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து நெம்பினார். பசை இன்னும் காயவில்லை.

“என்னண்ணே பண்றீங்க?”

“யாருக்காகப் பண்ணினோமோ அவங்களே போயிட்டாங்க. அந்த போட்டோ வேற உள்ள இருக்கு. இது எதுக்கு இனிமே? கழட்டிடறேன் குருவே.” அவர் குரல் உடைந்திருந்தது.

பர்வீன் சிஸ்டரிடம் திரும்பினாள்.

“அக்கா, அடுத்த தடவை மூணாம் கட்டில்ல யாரு?”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

தேவசகாயத்தின் கை அப்படியே நின்றது.

“ஓரம் தூக்கிடுச்சு பாருங்க” என்றாள் பர்வீன். “நல்லா அழுத்தி ஒட்டுங்கண்ணே.”