சறுக்கின் வயிற்றில் ஒரு சொம்புத் தண்ணீர்

அந்தக் காற்றுச் சறுக்கைக் கெடுத்த புண்ணிய ஆத்மாவே, நீர் யாராக இருந்தாலும் சரி, முதலில் இதைக் காதில் போட்டுக்கொள்ளும். உம்முடைய அவசரத்தால் ஆறு வயதுக் குழந்தை ஒன்று இன்னும் வலது காலைக் கீழே வைக்கவில்லை. தெரியாமல் நடந்தது என்று நீர் சொல்லலாம். அதற்காக விட்டுவிட முடியாது.

நடந்தது சூலூர்ப் பக்கம், மூன்று வீடுகளுக்கு ஒரே பின்வாசல் உள்ள ஒரு காம்பவுண்டில். முதல் வீட்டுப் பூங்கோதை தார்ப்பாய்க் கடைக்காரி. பதினாலு வயதில் சந்தையில் பழைய சாக்கு விற்று மேலே வந்தவள். பேரம் பேசாமல் அவளுக்கு எதுவும் இறங்காது. ஐந்து நாள் மருந்து சாப்பிடச் சொன்ன டாக்டரிடமே, "மூணு நாள்ல முடிச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டவள். கோபமும் அப்படித்தான், முன்னால் வந்துவிட்டுக் காரணத்தைப் பின்னால் தேடும்.

அவள் மகள் தேன்மதிக்குக் காலில் அறுவை செய்து மாவுக்கட்டு பிரித்த பிறகும் பயம் தெளியவில்லை. ஒற்றைக் காலிலேயே நொண்டினாள். பூங்கோதை ஒரு காற்றுச் சறுக்கை வாங்கிப் பின்வாசலில் போட்டாள். மோட்டார் காற்றை ஊத ஊத அது யானை போல எழுந்து நிற்கும். மேலிருந்து வழுக்கி, கீழே முழங்கால் தண்ணீரில் போய் விழ வேண்டும். விழுந்த சிரிப்பில் குழந்தை தன்னை மறந்து இரண்டு காலையும் ஊன்றி எழுந்தாள். தண்ணீரில் மட்டும்தான் அது நடந்தது. வருகிற திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவள் நடந்து காட்ட வேண்டும்.

மூன்று வீட்டுப் பிள்ளைகளும் ஆடியதால் பராமரிப்பும் மூன்று பேருக்குப் பங்கு. இரண்டாம் வீட்டுத் தையல்காரி ஷகிலா தண்ணீரை வடித்துச் சோப்பு நீரில் கழுவ வேண்டும். மூன்றாம் வீட்டுத் தங்கதுரை, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், துடைத்துக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். மடித்துக் கட்டுவது பூங்கோதை.

மழை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. ஷகிலா இரண்டு தடவை நல்ல தண்ணீர் ஊற்றி அலசினாள். தங்கதுரை பழைய லுங்கியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். பிறகு சறுக்கின் பின்பக்க ஜிப்பைத் திறந்துவிட்டு மோட்டாரை ஓடவிட்டார். தையல் துளைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும், இருபது நிமிஷம் ஊதினால்தான் வயிறு காயும் என்றார்.

வாசலில் ஒரு லாரிக்காரர் தார்ப்பாய் பார்க்கக் காத்திருந்தார். பூங்கோதைக்கு நிற்க நேரமில்லை.

"இருபது எதுக்குங்கண்ணா? பத்து போதும்."

"பதினஞ்சாவது ஓடட்டும் பூங்கோதை."

"அஞ்சு. வாசல்ல லாரிக்காரர் நிக்கறாரு. நிறுத்துங்க."

"காத்துகிட்டயே பேரம் பேசறவளை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று சிரித்துக்கொண்டே தங்கதுரை சுவிட்சை அணைத்தார். பூங்கோதை வெளியெல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரம் இல்லை. மடிப்புகள் ஒட்டாமல் இருக்க, சைக்கிள் டியூபுக்குப் போடும் வெள்ளைப் பவுடரைத் தூவி, ஜிப்பை இழுத்து மூடி, சுருட்டிக் கட்டிப் பரண்மேல் ஏற்றினாள்.

பத்து நாள் மழை. வெயில் வந்ததும் இறக்கிப் பிரித்தார்கள். குப்பென்று ஒரு நாற்றம். வெளியே தூவிய பவுடர் தூவியபடி உலர்ந்தே இருந்தது. ஆனால் உட்பக்கங்கள் பிசினாக ஒட்டிக்கிடந்தன. பூங்கோதை ஆத்திரத்தில் ஒரு இழுப்பு இழுத்தாள், அடித்தையல் ஒரு சாண் பிரிந்தது. பிரிந்த வாயிலிருந்து கறுப்பாக ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. தேன்மதி அதைப் பார்த்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டாள்.

பூங்கோதை கத்தியது தெருமுனை வரை கேட்டது. கழுவியவள் சரியாக வடிக்கவில்லை என்றாள். துடைத்தவர் கண்ணை மூடிக்கொண்டு துடைத்தார் என்றாள். ஷகிலா மறைக்காமல் பதில் சொன்னாள்:

"வடிக்கிறது என் வேலை அக்கா, வடிச்சேன். உள்ளே போனதை நான் கையை விட்டா எடுக்க முடியும்?"

தங்கதுரை தலையைக் குனிந்துகொண்டு, சுவிட்சை அணைத்த கை தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

கழுவியவள் ஒருத்தி. அணைத்தவர் ஒருவர். மூடிக் கட்டியவள் ஒருத்தி. கேட்டவர்களே, சொல்லுங்கள்: இந்த மூவரில் சறுக்கைக் கெடுத்தது யார்?

விடை: பவுடர் உலர்ந்தே இருந்ததிலிருந்து வெளியே ஈரம் இல்லை என்று தெரிகிறது. ஆகவே கழுவியதிலும் துடைத்ததிலும் குற்றமில்லை. தண்ணீர் வயிற்றுக்குள் இருந்தது. அதை வெளியேற்றக்கூடியது அந்த இருபது நிமிஷக் காற்று ஒன்றுதான். அணைத்தது தங்கதுரையின் கை என்றாலும், அவர் எச்சரித்த பிறகே அணைத்தார். பிடிவாதமாக நிற்காதது அவருடைய குறை, அதற்கு மேல் அவரைச் சொல்ல வழியில்லை. இருபதை ஐந்தாக்கியதும் பூங்கோதை, ஈரத்தை உள்ளே வைத்து ஜிப்பை மூடியதும் பூங்கோதை. கடைக்காரர்கள் விலையைக் குறைப்பார்கள், ஈரம் யாருக்கும் குறைத்துக்கொள்ளாது. ஆகவே பூங்கோதை, கத்தினது போதும். ஷகிலாவிடமும் அண்ணனிடமும் ஒரு வார்த்தை தணிந்து பேசு. அந்த வயிற்றைக் கழுவி, முழுசாகக் காயவிடு, ஈரத்தின்மேல் பசை பிடிக்காது என்று உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிரிந்த தையலை உன் கடைப் பசையால் நீயே ஒட்டு. திங்கட்கிழமைக்கு இன்னும் நான்கு நாள் இருக்கிறது, குழந்தை சுவரோரம் காத்திருக்கிறாள். எழுந்து போய் மோட்டாரைப் போடு, இருபது நிமிஷமும் பக்கத்திலேயே நில்.