வரைபடத்தில் வெள்ளையாய் இருந்த மூலை

காட்டுத்தீ பற்றிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கே பாடம் எடுப்பவர் நாச்சியார். மலையடிவாரத்தில் ஓர் ஓட்டுக் கட்டடம்தான் அவருடைய பள்ளிக்கூடம். அங்கே படிக்க வந்த அந்தோணிராஜ் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனால் கேள்வி கேட்காவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது.

மறுநாள் தன் வகுப்புப் பிள்ளைகளை அந்தோணிராஜ் மலைக்குக் கூட்டிப்போக வேண்டும். எங்கே உட்கார வைப்பது என்று முடிவு செய்யத்தான் வரைபடத்தோடு வந்து நின்றார். பத்து வருடங்களில் தீப்பிடித்த இடங்களையெல்லாம் சிவப்புப் பென்சிலால் தீட்டியிருந்தார். மாடு போகும் பாதை, கோயிலுக்குப் போகும் பாதை என்று பாதை நெடுகச் சிவப்பு. மேலே ஒரு மூலை மட்டும் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"பிள்ளைகள இங்க உட்கார வைக்கலாம்ல டீச்சர்? பத்து வருஷமா ஒரு பொறிகூட விழுந்ததில்ல. அங்கேயே டீ போட்டுக் குடுத்திரலாம்னு ஸ்டவ்வெல்லாம் கட்டி வச்சாச்சு."

நாச்சியார் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"வாங்க, போய்ப் பாப்போம்."

வழியில் போன வருடம் எரிந்த சரிவு வந்தது.

"கொஞ்சம் சருகு அள்ளுங்க சார்."

அந்தோணிராஜ் குனிந்து சுரண்டிப் பார்த்தார். அரைக் கைப்பிடிகூடத் தேறவில்லை.

வெள்ளை மூலைக்கு வந்து சேர்ந்தபோது இருவருக்கும் மூச்சு வாங்கியது. காய்ந்த மூங்கில்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.

"பிள்ளைங்க உட்கார்றதுக்கு முந்தி நீங்க உட்கார்ந்து பாருங்க."

உட்கார்ந்தார். மொறுமொறுவென்று உள்ளே அமுங்கினார். கையை ஊன்றி எழப் பார்த்தால் முழங்கை வரை சருகு. மண் தட்டுப்படவே இல்லை.

"நாளைக்கு வானிலை எப்படி சார்?"

அதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "வெயில் கடுமையா இருக்கும். காத்துல ஈரமே இல்ல. மதியத்துக்கு மேல பள்ளத்துல இருந்து காத்து ஏறும். நல்ல வேகமா..."

பேச்சை விட்டுவிட்டுக் காலடிச் சருகைப் பார்த்தார். பிள்ளைகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன. அப்போதும் கேள்வி மட்டும் அவரை விடவில்லை.

"எல்லாம் சரி டீச்சர். இம்புட்டு கிடக்குதே, பத்து வருஷமா ஏன் எரியல?"

அவர் தோளில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டபடி நாச்சியார் சொன்னார்:

"பத்து வருஷமா இங்க யாரும் டீ போட வரல சார்."